ஏஏயுடபிள்யூ பன்னாட்டு உதவித்தொகை: யாருக்குப் பொருந்தும், எங்கே இடிக்கும்

ஏஏயுடபிள்யூ (AAUW) எனப்படும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம், பிற நாட்டுப் பெண்கள் அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கத் தரும் உதவித்தொகை இது. இதில் பணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது தேதியை. விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து நவம்பர் நடுவில் மூடும். அந்த ஆண்டு செப்டம்பர் 30-க்குள் இளங்கலைப் பட்டம் முடிந்திருக்க வேண்டும். இறுதியாண்டில் இருக்கும் மாணவி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தச் சுற்றில் சேர முடியாது. அடுத்த ஆண்டுதான் அவருக்கு வழி. நல்ல மாணவிகள் பலர் இடறுவது இங்கேதான். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்கு இது கிடையாது. அமெரிக்காவில் முழுநேரமாகப் படிக்க வேண்டும்.

அண்மைச் சுற்றுகளில் முதுகலைக்கு 20,000 டாலர், முனைவர் படிப்புக்கு 25,000, அதற்குப் பிந்தைய ஆய்வுக்கு 50,000 என்று கொடுத்திருக்கிறார்கள். முதுகலைக்குக் கிடைப்பது பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக் கட்டணத்தில் பாதியைக்கூடத் தொடாமல் போகலாம். கட்டணத்துக்கும் பாடத்துக்குக் கட்டாயமான புத்தகங்களுக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அதில் பொதுவாக 14 சதவீதம் பிடித்தம். ஆகவே இதை ஒற்றைத் தூணாக நம்பிப் போகக் கூடாது. பல்கலைக்கழகம் தரும் சலுகையோடோ கல்விக் கடனோடோ சேர்ந்தால் கடன் சுமை கணிசமாக இறங்கும்.

முடிவு வருவது ஏப்ரல் நடுவில். நிதியுடன் இடம் தரும் பல பல்கலைக்கழகங்கள் பதில் கேட்கும் கடைசி நாளும் ஏப்ரல் 15. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நெருக்கும். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். எனவே வங்கிக் கடன் ஒப்புதல் கடிதத்தை மார்ச்சுக்குள் வாங்கி வைப்பது நல்லது. உதவித்தொகை கிடைத்தால் கடனைக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம்.

உதவித்தொகைக்குத் தேர்வாக மதிப்பெண் மட்டும் போதாது. 1881-இல் பாஸ்டனில் பட்டதாரிப் பெண்கள் கூடித் தொடங்கிய சங்கம் இது. கல்லூரிப் படிப்பு பெண்ணின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்களே சொன்ன காலத்தில், பட்டதாரிப் பெண்களிடம் ஆய்வு நடத்தி 1885-இல் அதை மறுத்தவர்கள். அந்த வைராக்கியத்தை விண்ணப்பதாரரிடமும் எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்ப்பதில் நியாயமும் இருக்கிறது. பெண்கள், சிறுமிகளின் முன்னேற்றத்துக்கு ஏற்கெனவே என்ன செய்தீர்கள், படிப்பு முடிந்து சொந்த நாடு திரும்பி என்ன செய்வீர்கள் என்பதே கேள்வி.

கட்டுரைகள் கவிழ்வது பெரும்பாலும் பொதுப்பேச்சால். "பெண் கல்விக்குப் பாடுபடுவேன்" என்ற வரிக்கு எடை இல்லை. எந்த ஊர், எந்தப் பள்ளி, எத்தனை மாணவிகள், வாரத்தில் எத்தனை மணி நேரம், இடைநின்றவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எழுதுங்கள். இயற்பியலோ கட்டுமானப் பொறியியலோ படிப்பவர்கள் தங்கள் துறைக்கும் பெண்களின் நிலைக்கும் உள்ள தொடர்பை வலிந்து ஒட்ட வேண்டாம். அத்துறையில் பின்னால் வரும் மாணவிகளுக்கு வழிகாட்டியதைச் சொன்னாலே போதும். அமெரிக்காவிலேயே வேலை தேடும் எண்ணம் உறுதியாக இருப்பவர்கள் வேறு உதவித்தொகையைப் பார்ப்பதே நேர்மை.

பரிந்துரைக் கடிதங்களை எல்லாம் துறைத்தலைவர்களிடமே வாங்குவது இன்னொரு பலவீனம். அவர்களுக்கு உங்கள் சமூகப் பணி தெரியாது. கடிதம் மதிப்பெண் பட்டியலையே திருப்பிச் சொல்லும். ஒன்றையாவது அந்தப் பணியை நேரில் பார்த்த தலைமையாசிரியரிடமோ தொண்டு நிறுவனப் பொறுப்பாளரிடமோ கேளுங்கள். செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள், தீபாவளி விடுமுறை நவம்பர் கெடுவை ஒட்டியே வரும் ஆண்டுகள் உண்டு.