மூணாறு ரயில் தடமா, பறம்பிக்குளம் டிராம்வேயா?

கைவிடப்பட்ட ரயில் பாதையை முதன்முறை படமெடுப்பவர் மூணாறு–டாப் ஸ்டேஷனுக்கே போகலாம், போடியிலிருந்தும் எளிது. 1902-இல் மோனோரயில், 1908-இல் 2 அடி அகலக் குறுகிய ரயில் பாதை, 1924 வெள்ளத்தோடு எல்லாம் முடிந்தது. தண்டவாளத்தைத் தேட வேண்டாம். தேயிலைச் சரிவில் ஒரே சீராக வளைந்து ஏறும் தடத்தைத் தேடுங்கள். ரயிலுக்கு வெட்டிய பாதை திடீரென்று செங்குத்தாகாது. காலை 9 மணிக்குள் எடுத்துவிடுங்கள். சாய்வெயிலின் நிழலில்தான் மண்மேடும் வெட்டுப்பள்ளமும் தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். மூடுபனியை வெளிச்சமென்று நினைத்து கேமரா படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை கூட்டுங்கள்.

பறம்பிக்குளம் டிராம்வே என்ற காட்டு ரயில் பாதை இதைவிட அரிய பொறியியல். 1907 முதல் 1963 வரை தேக்கு மரத்தைச் சாலக்குடிக்கு இறக்கிய சுமார் 80 கி.மீ. மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதை அது. செங்குத்துச் சரிவுகளில், இறங்கும் பாரவண்டியே கம்பிவடத்தால் காலி வண்டியை மேலே இழுத்தது! ஆனால் இது புலிகள் காப்பகம். சாலை வழி பொள்ளாச்சி, சேத்துமடை மட்டுமே. வனத்துறை வழிகாட்டி இல்லாமல் தடத்தில் இறங்கக் கூடாது. மரநிழலில் வெளிச்சம் குறைவு: ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர் அளவை) 1600-இல் தொடங்குங்கள், ஈர இலைப் பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் வடிகட்டி வேண்டும். மழைக்காலமென்றால் அட்டைப்பூச்சி ஏறாத காலுறையும்.