விறகடுப்பும் புகைக்கூடும்: 2022இல் கட்டியது, இன்று வரை பாவித்த அனுபவம்

2022ஆம் ஆண்டை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். காஸ் இல்லை, பங்குனிக் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் நின்றது, ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது. அந்த வருடம்தான் எங்கள் குசினியில் புகைக்கூடு வைத்த விறகடுப்பு ஒன்றைக் கட்டினோம். காஸ் திரும்பி வந்த பிறகும் சோறு, புட்டு, கூழ், கறி எல்லாம் இதில்தான்; தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும் மட்டும் காஸ். இத்தனை காலம் நாளாந்தம் பாவித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து பார்ப்பவர்கள் எல்லாரும் அடுப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: எத்தனை வாய், விறகு எவ்வளவு பிடிக்கும், என்ன செலவு என்று. புகைக்கூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் காசையும் கவனத்தையும் முதலில் புகைக்கூட்டில் போடுங்கள், மிச்சத்தில் அடுப்பைக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். வீட்டில் புகை நிற்பதும், கூரை பற்றுவதும், ஆளைக் கொல்லும் காபன் மொனொக்சைட் அறைக்குள் தங்குவதும் எல்லாம் புகைக்கூட்டில் தீர்மானமாகிற விஷயங்கள்.

அடுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாய், கீழே இரும்புக் கம்பித் தட்டு, தட்டுக்குக் கீழே சாம்பல் விழும் அறை. நெருப்புப் படுகிற உட்பக்கம் முழுக்கச் சுட்ட செங்கல், களிமண்ணும் மணலும் குழைத்துப் பூசியது. எங்கள் ஊரில் கையில் எடுத்தால் வருவது சுண்ணக்கல், அதை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. 800, 900 பாகை செல்சியஸ் அளவில் சுண்ணக்கல் சுண்ணாம்பாக மாறத் தொடங்கிவிடும், சூளையில் நடப்பதும் அதுதானே. பிறகு ஒரு நாள் கஞ்சி பொங்கி அதன் மேல் ஊற்றினால் நீறி உதிர்ந்து போகும். சீமெந்துக் கல்லும் சரிவராது, 300 பாகைக்கு மேலே போகப்போகச் சீமெந்து பலம் இழந்துகொண்டே வரும். வெளிச்சுவருக்கு எந்தக் கல்லையும் வையுங்கள், உள்ளே செங்கல்தான்.

சரி, புகைக்கூடு.

குழாய் ஆறு அங்குல விட்டம், 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1.5 மில்லிமீற்றர் தடிப்பு, நெல்லியடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் உருட்டி ஒட்டியது. அடுப்பு மட்டத்தில் இருந்து உச்சி வரை பதினாறு அடி வருகிறது. புகை மேலே போவது சூட்டினால்தான்: குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று பாரம் குறைந்தது, அது ஏற ஏறக் கீழே இருந்து புதுக் காற்றை இழுக்கும், உயரம் கூடினால் இழுவையும் கூடும். பதினைந்து அடிக்குக் குறையாமல் வைக்கச் சொல்வது அதனால்தான். நேராக 90 பாகையில் மடிக்கவேண்டாம், மடக்கு வேண்டுமென்றால் 45 பாகை மடக்கு இரண்டு போடுங்கள். எங்கள் குழாயில் அப்படித்தான் இருக்கிறது, மடக்கில் கரி தங்குவது குறைவு.

மலிவு என்று பலர் வைப்பது தண்ணிக்குப் பாவிக்கும் ஜிஐ குழாய். அதில் இருக்கும் நாக (சிங்க்) பூச்சு 420 பாகை அளவில் உருகிவிடும், பூச்சுப் போன இரும்பை எங்கள் கடற்காற்று விட்டுவைக்காது. பக்கத்து வளவில் அப்படி வைத்த குழாய், வெளியே பார்க்க நல்லாக இருந்துகொண்டே மடக்குக்குப் பக்கத்தில் உட்புறமாக அரித்து, கையால் அமத்த உடைந்தது. பிவிசி குழாய் வைத்திருப்பதையும் கண்டிருக்கிறேன், அது கூரைக்குள்ளே எரியும் பொருளை நாங்களே சொருகி வைப்பதுதான். பழைய அஸ்பெஸ்டஸ் குழாயைப் புகைக்கூடாகப் போடுவதும் வேண்டாம், சூட்டில் வெடிக்கும், தூசியாக வரும் நார் சுவாசப்பைக்குக் கேடு.

இனிக் கூரை. இதைத்தான் நிதானமாக வாசியுங்கள்.

எங்கள் குசினி ஓட்டுக் கூரை, வளையும் சலாகையும் பனை. வைரமான பனை எத்தனை தலைமுறை நின்றாலும் சூட்டுக்கு மரம் மரம்தான். ஒற்றைச் சுவர் குழாய் போகிற இடத்தில் இருந்து எல்லாத் திசையிலும் 18 அங்குலத்துக்குள் மரம் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் எழுதி வைத்திருக்கும் விதி. மேசன் அண்ணை நம்பவில்லை. "பிள்ளை, நாலு விரல் விட்டால் காணும், இவ்வளவு பெரிய ஓட்டை விட்டால் மாரியில் மழை முழுக்க அடுப்படிக்குள்தான்" என்றார். நாலு விரல் இடைவெளியில் முதல் வருடம் ஒன்றும் நடக்காது, இரண்டாம் வருடமும் நடக்காது, ஆபத்தே அதுதான். தொடர்ந்து சூடு வாங்கும் மரம் வருடக்கணக்கில் உள்ளே கருகிக்கொண்டு போய், வழமையாகப் பற்றும் வெப்பத்தை விட நல்லாகக் குறைந்த வெப்பத்திலேயே ஒரு நாள் பற்றிக்கொள்ளும். அப்போது ஆட்கள் நித்திரையில் இருப்பார்கள்.

கடைசியில் அண்ணையும் தச்சு வேலை செய்பவரும் சேர்ந்து இரண்டு சலாகையை வெட்டி, குறுக்குக் கட்டை கொடுத்து, குழாயைச் சுற்றி மூன்றரை அடிக்கு மூன்றரை அடி மரமே இல்லாத சதுரம் ஒன்றை எடுத்தார்கள். அந்தச் சதுரத்தை ஓட்டால் மூடவில்லை, நடுவில் கழுத்து வைத்த தகடு போட்டு, அதன் மேல் விளிம்பை ஓட்டுக்குக் கீழேயும் கீழ் விளிம்பை ஓட்டுக்கு மேலேயும் விட்டு, கழுத்துக்கு மேலே குடை மாதிரி ஒரு வளையம் குழாயோடு இறுக்கி, சூடு தாங்கும் சிலிக்கன் பூசினோம். மழை உள்ளே வரவில்லை. சிலிக்கனை மட்டும் இடையில் சுரண்டிப் புதிதாகப் பூசவேண்டி வந்தது.

உச்சி எவ்வளவு உயரம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் இருந்து மூன்று அடி மேலே, அதோடு பத்து அடிக்குள் இருக்கும் எதையும் விட இரண்டு அடி உயரமாக. அந்தப் பத்து அடிக்குள் முகடு இருந்தால் முகட்டை விட இரண்டு அடி. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில் இந்த இரண்டு அடியின் அருமை விளங்கும். முகட்டில் மோதித் தெறிக்கிற காற்று, பதிவாக நிற்கும் குழாய்க்குள் நேரே இறங்கி அடுப்பு வாயால் புகையைத் தள்ளும். எங்களுக்கு வைகாசியில் இருந்து ஆவணி வரை அந்தத் தொல்லை இல்லை. கூரைக்கு மேலே ஐந்து அடிக்கு மேல் குழாய் நீண்டால் மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டவேண்டும், கட்டியிருக்கிறோம்.

வாடைக் காலம் வேறு மாதிரி. மழை நாளில் விடிய அடுப்பு மூட்டினால் குழாய்க்குள் குளிர்ந்த காற்று பாரமாக அடைத்து நிற்கும், புகை குசினிக்குள் திரும்பும். அதற்கு நான் செய்வது, குழாயின் அடியில் கரி எடுக்க வைத்த சின்னக் கதவைத் திறந்து தென்னோலையில் கட்டிய ஒரு பந்தத்தைக் கொளுத்தி அரை நிமிடம் உள்ளே பிடிப்பது. குழாய் சூடாகி இழுக்கத் தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு அடுப்பை மூட்டலாம். அந்தக் கதவு வைக்காமல் புகைக்கூடு கட்டாதீர்கள், துப்புரவுக்கும் அதுதான் வழி.

எங்கள் பகுதிக்கு இன்னொரு விஷயம், தீப்பொறி. கிடுகு வேலி, பனையோலை வேலி, அடுக்கி வைத்த ஓலை, சோளகத்தில் எல்லாம் காய்ந்து கிடக்கும். குழாயின் தொப்பியைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுக்கு மேற்படாத ஸ்டெயின்லெஸ் வலை இருக்கவேண்டும். கண் மிகச் சிறிதாகப் போனால் கரி அடைத்துவிடும், கொசுவலை அளவு வலை ஒரு மாதம்கூட நிற்காது.

விறகைப் பற்றிச் சொல்லாமல் புகைக்கூட்டைப் பற்றிக் கதைக்க முடியாது. பச்சை விறகில் பாதி எடை தண்ணியாக இருக்கும், எரிக்கும் விறகில் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஈர விறகின் புகை குழாயில் குளிர்ந்து தார் மாதிரிப் படியும், கிரியோசோட் என்பார்கள். அது தடித்து ஒரு நாள் குழாய்க்குள்ளேயே பற்றினால் வெப்பம் 1000 பாகையைத் தாண்டலாம். 18 அங்குல இடைவெளிக்கும் அந்த நாள்தான் பரீட்சை. வேம்பும் பூவரசும் நன்றாகக் காய்ந்தால் நல்ல விறகு, பிளந்து கூரைக்குக் கீழே காற்றுப் படும்படி அடுக்கி, ஒரு சோளகம் முழுக்கக் காயவிட்டுத்தான் மாரிக்கு எடுக்கிறோம். பொச்சும் பாளையும் மூட்டுவதற்கு மட்டும், அதிலேயே சமைத்தால் கரி கூட. சிரட்டையை ஒரேயடியாக நிறையப் போட்டால் சூடு கூடிக் கம்பித் தட்டு வளையும்.

கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும்: கரையில் ஒதுங்கும் மரத்தையும் பழைய வள்ளப் பலகையையும் எரிக்காதீர்கள். உப்பு ஊறிய மரத்தின் புகையில் வரும் குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும், ஆளுக்கும் நஞ்சு. பெயின்ற் அடித்ததும் பைபர் ஒட்டியதும் அதைவிட மோசம். பிளாஸ்ரிக் பையை வைத்து அடுப்பு மூட்டுகிற பழக்கமும் போகவேண்டும்.

துப்புரவு வருடத்துக்கு இரண்டு தரம், ஐப்பசி மழைக்கு முன்னும் சோளகம் தொடங்கும்போதும். ஆறு அங்குலக் கம்பித் தூரிகையை மேலிருந்து கயிற்றில் இறக்கி இழுப்போம், கீழ்க் கதவால் கரி வரும். படிவு மூன்று மில்லிமீற்றர் தடித்தால் மாதத்தைப் பார்க்காமல் உடனே எடுக்கவேண்டும். உலர்ந்த தூளாக வந்தால் நல்லது. பளபளப்பாகக் கண்ணாடி போல ஒட்டியிருந்தால் விறகு ஈரம், அல்லது காற்றை அடைத்து எரிக்கிறீர்கள். எங்களுக்கு இதுவரை தூள்தான் வருகிறது, ஒரு நீண்ட மழைக்குப் பிறகு மட்டும் மேல் இரண்டு அடியில் ஒட்டுத் தன்மை தெரிந்தது.

காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, இரத்தத்தில் ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கனடாவில் இருக்கும் மச்சாள் வந்தபோது பற்றரியில் வேலை செய்யும் அலாரம் ஒன்று கொண்டுவந்து தந்தா, குசினிக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. அங்கே விறகடுப்பு இருக்கும் வீட்டுக்குக் காப்புறுதி எடுக்கவே, பயிற்சி பெற்ற ஒருவர் வந்து குழாயையும் இடைவெளியையும் அளந்து அறிக்கை தரவேண்டும் என்று கேட்பார்களாம். இங்கே அப்படி ஒருவரும் வரமாட்டார்கள், ஆகவே அளவுநாடாவை நாங்களே எடுக்கவேண்டும். இன்னொன்று, அடுப்பு எரியும்போது எக்ஸோஸ்ட் ஃபேன் போடவேண்டாம். அது அறைக் காற்றை வெளியே இழுக்க, புகைக்கூட்டு வழியாகப் புகை கீழே வரும். யன்னலைத் திறந்து விடுங்கள், அடுப்புக்குக் காற்று வேண்டும்.

சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் எடுத்து வெளியே சீமெந்துத் தரையில் வைக்கிறோம். உள்ளே தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும், கடதாசிப் பெட்டியிலோ உரப் பையிலோ கொட்டினால் தீதான். தோட்டத்துக்குப் போடுவதென்றால் கொஞ்சமாக, சுண்ணக்கல்லுக்கு மேலே கிடக்கிற எங்கள் மண் ஏற்கெனவே காரத் தன்மை உள்ளது.

பலன் என்ன என்றால், அம்மாவின் கண் எரிச்சல் நின்றுவிட்டது, குசினிச் சுவர் வெள்ளையாக இருக்கிறது, ஒடியற்கூழ்ப் பானை முன்னுக்கு நின்று கிண்டினாலும் இருமல் இல்லை. வீட்டுக்குள் எரிக்கும் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எங்கள் அம்மம்மாமார் ஒரு வாழ்நாள் முழுக்க அந்தப் புகைக்குள்தான் நின்று சமைத்தார்கள், அதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது. இலங்கையில் பரவலாக உள்ள அனகி மண்ணடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும், ஆனால் அதற்குப் புகைக்கூடு இல்லை, உள்ளே வைத்தால் புகை உள்ளேதான்.

குறை என்றால், மூட்டுவதற்கு நேரம் எடுக்கும், விறகு அடுக்க இடம் வேண்டும், கூரையில் ஏற ஆள் வேண்டும். காலை அவசரத்துக்கு இது உதவாது. குழாய்க்கு அடுப்பை விட நல்லாகக் கூடச் செலவானது.

அஸ்பெஸ்டஸ் சீற் கூரை உள்ளவர்கள் தயவுசெய்து சீற்றை வெட்டித் துளைக்காதீர்கள், வெட்டும் தூசியில் நார் பறக்கும். வெளிச்சுவரைத் துளைத்துக் குழாயை வெளியே கொண்டுபோய், தாழ்வாரத்துக்கு அப்பால் நிமிர்த்துங்கள். சுவரைத் துளைக்கிற இடத்தில் மரக் கட்டை ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் குழாய் சீக்கிரம் குளிரும், கரி கூடப் படியும், அதனால் துப்புரவையும் கூட்டவேண்டும்.

எங்கள் குழாயில் உப்புக் காற்றால் கபிலப் புள்ளிகள் விழுந்திருப்பது தொப்பியிலும் மேல் வெல்டிங் தையலிலும்தான், கீழே ஒன்றும் இல்லை. வரும் ஐப்பசித் துப்புரவோடு தொப்பியை 316 தரத்தில் மாற்றப் போகிறோம், அதில் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடத் தாங்கும். கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் மேல் மூன்று அடியையாவது முதலிலேயே 316இல் செய்விப்பது நல்லது.