விலைச்சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த சொல்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய ஊரைப் பார்த்துவிட்டு ரிச்மண்ட் திரும்பும் வழியில், ஒரு பழம்பொருள் கடையில் 180 டாலரைத் தொலைத்தேன். அந்தச் சாலையில் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வாங்கியது ஒரு க்ரீம்வேர் தட்டு, அதாவது மெருகிட்ட ஆங்கிலேய மண்பாண்ட வகை. பாலேட்டு நிறம், இறகு வரிபோல் விளிம்பு. "1770களில் வர்ஜீனியாவில் ஒரு பண்ணை வீட்டார் தினமும் சாப்பிட்டது" என்றார் கடைக்காரர். நானோ அன்று காலைதான் அகழ்வில் கிடைத்த க்ரீம்வேர் துண்டுகளைப் பார்த்துக் கிறங்கிப் போயிருந்தேன். 1765இல் இங்கிலாந்தின் சார்லட் அரசிக்குத் தேநீர்ப் பாத்திரங்கள் செய்து தந்த ஆங்கிலேயக் குயவர் ஜொசையா வெட்ஜ்வுட், அந்தப் பெருமையில் தன் சரக்குக்குக் 'குயின்ஸ்வேர்' என்று பெயர் சூட்டியதும், 1769இல் ஜார்ஜ் வாஷிங்டனே லண்டனுக்கு எழுதி அதை வரவழைத்ததும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. மரத்தட்டும் வெள்ளீயத் தட்டும் புழங்கிய மேசைகளுக்கு வந்து சேர்ந்த தட்டல்லவா! பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டில் வெந்நீரில் ஊறப் போட்டேன். தண்ணீர் தேநீர் நிறமானது. மெருகில் ஓடிய பழுப்பு விரிசல்கள் வெளுத்தன. கத்திக் கீறல்களோ எல்லாம் ஒரே திசையில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல. நிஜமாகப் புழங்கிய தட்டில் கீறல் தாறுமாறாகத்தான் விழும். கடைசியாக, அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டும் ஊறிக் கழன்றது. கீழே அச்சு: 'மேட் இன் இங்கிலாந்து'.

அமெரிக்காவுக்கு வரும் சரக்கில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற மெக்கின்லி சுங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1891இல்தான்.

அதற்காக, செய்தவர் முத்திரை இல்லாததாலேயே ஒரு தட்டு போலியாகிவிடாது. பழைய க்ரீம்வேர் பலவற்றில் முத்திரையே கிடையாது. எனவே தட்டைத் திருப்பி, அடிவளையத்தின் மூலையில் மெருகு தேங்கிய இடத்தைப் பாருங்கள். மஞ்சளோ மஞ்சள் கலந்த பச்சையோ தெரிந்தால் க்ரீம்வேராக இருக்க வாய்ப்புண்டு. நீலம் தெரிந்தால் அது பெரும்பாலும் 1770களின் கடைசியில் வந்த பேர்ல்வேர் என்ற நீலச்சாயல் வெள்ளை வகை. கையில் எடுத்தால் பழைய தட்டு எதிர்பார்த்ததைவிட இலேசாக இருக்கும். ஒட்டிய சீட்டை உரித்துக் காட்டச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் ரசீதை வாங்கிப் படித்துக் காட்டினார்: 'க்ரீம் நிறத் தட்டு, ஒன்று.' ஆண்டு எதுவும் இல்லை. 1770 என்றது வாயால் மட்டும்தான்.

தட்டில் இப்போது சாவிகளைப் போட்டு வைக்கிறோம்.