வளரும் இணையக் கடைக்கு எந்த கார்ட்? வூகாமர்ஸ், ஓப்பன்கார்ட், பிரெஸ்டாஷாப், மஜெண்டோ

இணையக் கடை நடத்த உதவும் இந்த நான்கு கார்ட் மென்பொருள்களும் இலவசம். நான்கும் பிஹெச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை. வசதிப் பட்டியலைப் படித்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் கடை வளரும்போதுதான் வெளிவரும்: எது முதலில் திணறும், திணறினால் சரிசெய்ய உங்களிடம் ஆள் உண்டா? இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். திருப்பூரிலிருந்து நாடு முழுக்க ஆயத்த ஆடை அனுப்பும் கடை ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஸ்டாக். ஒரு சட்டைக்கு 5 சைஸ், 4 நிறம் என்றால் 20 வகை. 1,000 மாடல் வைத்தால் 20,000. ஓப்பன்கார்ட் 3 இங்கேயே அடிபடுகிறது. அதில் சைஸுக்குத் தனி எண்ணிக்கை, நிறத்துக்குத் தனி எண்ணிக்கை. ‘நீலம், எக்ஸ்எல்’ எத்தனை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தீர்ந்துபோன சட்டைக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டே இருக்கும். ஓப்பன்கார்ட் 4-இல் வேரியன்ட் (ஒவ்வொரு சேர்க்கையையும் தனிப் பொருளாக வைக்கும் வசதி) வந்துவிட்டது. ஆனால் 3-க்கு எழுதிய எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) 4-இல் அப்படியே ஓடாது. மற்ற மூன்றிலும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி ஸ்டாக் உண்டு. வூகாமர்ஸில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பொருளில் 30 வகைக்கு மேல் போனால், சேர்க்கைகளைப் பக்கத்தோடு ஏற்றாமல் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த பிறகுதான் சர்வரிடம் கேட்கும். இல்லாத சேர்க்கையை முன்கூட்டியே மறைக்காது. அந்த எல்லையை ஒரு ஃபில்டர் (இயல்பான அமைப்பை மாற்றும் சிறு நிரல்) மூலம் உயர்த்தலாம், பக்கம் கனமாகும்.

அடுத்து ஜிஎஸ்டி. வூகாமர்ஸ் ஒரு ‘பிரயாரிட்டி’ எண்ணுக்கு ஒரே ஒரு வரியைத்தான் எடுக்கும். 5% பொருளுக்கு, மாநிலம் தமிழ்நாடு என்று போட்டு சிஜிஎஸ்டி 2.5 பிரயாரிட்டி 1, எஸ்ஜிஎஸ்டி 2.5 பிரயாரிட்டி 2. வெளிமாநில விற்பனைக்கு, மாநிலத்தைக் காலியாக விட்டு ஐஜிஎஸ்டி 5 பிரயாரிட்டி 1. தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு மாநிலம் குறிப்பிட்ட வரியே முந்தும், ஐஜிஎஸ்டி விலகிக்கொள்ளும். ஐஜிஎஸ்டிக்கு 3 என்று போட்டால் உள்ளூர் பில்லில் 10% ஏறிவிடும். ஓப்பன்கார்டில் தமிழ்நாட்டுக்கு ஒரு ஜியோ ஜோன் (வரிக்கான பகுதி), மற்ற மாநிலங்களுக்கு ஒன்று என்று பிரித்தால் போதும். இரண்டாவதில் ‘எல்லா மாநிலமும்’ என்று சோம்பலாக விட்டால் அங்கேயும் இதே இரட்டை வரிதான்.

2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. கார்ட் மென்பொருளில் வரி பொருளோடு ஒட்டியிருக்கிறது, விலையோடு அல்ல. 2,700 ரூபாய் உடை கூப்பனால் 2,430-க்கு இறங்கினாலும் 18% போட்டுவிடும். நான்கில் எதை எடுத்தாலும் இதற்குத் தனியாகச் சிறு நிரல் எழுதியாக வேண்டும். விலைப்பட்டியல் 2,500-ஐ ஒட்டியிருக்கும் கடைகள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வூகாமர்ஸ் மெதுவாகிறது என்ற புகாருக்குப் பழைய காரணம், ஆர்டர்களும் வேர்ட்பிரஸ் பதிவுகளோடு ஒரே டேபிளில் கிடந்தது. 8.2 பதிப்பிலிருந்து (2023) புதிய கடைகளில் ஆர்டருக்குத் தனி டேபிள்கள், ஹெச்பிஓஎஸ் என்பார்கள். பழைய கடை என்றால் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட், ஃபீச்சர்ஸ் பகுதியில் முதலில் ஒத்திசைவை இயக்கி, அது முழுவதும் முடிந்த பிறகு மாற்றுங்கள். பழைய கூரியர், இன்வாய்ஸ் பிளகின்கள் பழைய டேபிளையே தேடும். ஒத்திசைவை நிறுத்தியதும் அவற்றுக்குப் புது ஆர்டர் விவரம் கிடைக்காது. ஆகவே ஸ்டேஜிங் நகலில் (சோதனைக்கான கடை நகல்) கூரியர் லேபிள் ஒன்று அச்சடித்துப் பார்க்காமல் நேரடிக் கடையில் கைவைக்காதீர்கள். இன்னொன்று: இது ஆர்டருக்கு மட்டும்தான். அந்த 20,000 வகைகளும் பழைய இடத்திலேயே இருக்கும்.

யூபிஐ பணத்தில் வரும் சிக்கல்தான் அதிக வாடிக்கையாளரை இழக்க வைக்கிறது. போனில் பணம் கட்டிவிட்டு பிரவுசருக்குத் திரும்பாதவர்கள் ஏராளம். வெப்ஹூக் (பணம் வந்ததும் பேமென்ட் நிறுவனம் கடை சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவல்) அமைக்கவில்லை என்றால் ஆர்டர் ‘பேமென்ட் நிலுவை’யிலேயே நிற்கும், வூகாமர்ஸ் இயல்பாக 60 நிமிடத்தில் அதை ரத்து செய்துவிடும். பணம் வந்திருக்கும், ஆர்டர் இருக்காது. வெப்ஹூக்கை இயக்குங்கள், ஃபயர்வால் அதைத் தடுக்கிறதா என்று பாருங்கள், கார்ட், செக்அவுட் பக்கங்களை கேஷிலிருந்து (வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பக்க நகல்கள்) விலக்குங்கள்.

பிரெஸ்டாஷாப்பைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை, ஆனால் ஆடைக் கடைக்கு நன்றாகவே பொருந்தும். ஒரே அட்மினில் பல கடை நடத்தலாம். வருகைப் புள்ளிவிவர டேபிள்கள் தாமாகக் குறையாது, தானியங்கி நீக்கத்தை நீங்களே இயக்க வேண்டும். ‘ஓவர்ரைடு’ (மூல நிரலுக்கு மேல் எழுதும் சொந்த நிரல்) போட்டு மாற்றிய கடை அடுத்த பெரிய பதிப்புக்குப் போகும்போது உடையும்.

மஜெண்டோ வேறு எடை. 2.4 பதிப்பிலிருந்து தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் அல்லது ஓப்பன்சர்ச் என்ற தனி மென்பொருள் கட்டாயம். அதோடு ரெடிஸ், வார்னிஷ் (வேகம் கூட்டுபவை), கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) எல்லாம் சேரும்போது ஷேர்டு ஹோஸ்டிங்கை மறந்துவிடலாம். விலை, ஸ்டாக் விவரங்களைக் கடைப் பக்கத்துக்குத் தயார்செய்யும் இண்டெக்ஸர்களை ‘ஷெட்யூல்’ முறைக்கு மாற்றுவது வழக்கம்; அப்போது கிரான் நின்றால் அட்மினில் விலையை மாற்றினாலும் கடையில் பழைய விலையே தெரியும். இத்தனைக்கும் பலன் உண்டு: 2.3 முதல் பல கிடங்குகளின் ஸ்டாக்கைத் தனித்தனியாக வைக்கலாம், அதுவும் இலவசப் பதிப்பிலேயே. நிறுவனங்களுக்கு விற்பதற்கான பி2பி வசதி மட்டும், மஜெண்டோவின் உரிமையாளரான அடோபியின் கட்டணப் பதிப்பில்.

ஒரே கிடங்கு, பகுதிநேர டெவலப்பர் என்றால் வூகாமர்ஸ், தயங்க வேண்டாம். இரண்டு மூன்று பிராண்டுகளைத் தனித்தனிக் கடையாக நடத்துபவர்கள் பிரெஸ்டாஷாப்பைப் பாருங்கள். பல ஊர்க் கிடங்கும் முழுநேர டெவலப்பரும் இருந்தால் மட்டும் மஜெண்டோ. ஓப்பன்கார்ட் 3-இல் ஏற்கெனவே ஓடும் கடை உடனே மாற முடியாவிட்டால், கேட்டகரி பெயர்களின் பக்கத்தில் பொருள் எண்ணிக்கை காட்டும் அமைப்பை அணைத்து, டேட்டாபேஸில் மைஐசாம் வகை டேபிள்களை இன்னோடிபி வகைக்கு மாற்றுங்கள். கொஞ்ச காலம் தாங்கும்.

மாறும்போது பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் மூன்றையும் கொண்டுபோக முடியும். பாஸ்வேர்டு பெரும்பாலும் வேலை செய்யாது, ஒவ்வொரு மென்பொருளும் அதை வேறு விதமாக மறைத்து வைக்கிறது. புது பாஸ்வேர்டு அமைக்கச் சொல்லி முன்கூட்டியே மெயில் அனுப்புங்கள். பழைய பக்க முகவரிகள் அனைத்துக்கும் 301 திருப்பம் (புது முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பும் அமைப்பு) போட்ட பிறகே டொமைனை மாற்றுங்கள். பழைய சர்வரை ரிட்டர்ன் காலம் முடியும்வரை படிக்க மட்டும் வைத்திருங்கள்.