பட்டரிக் 'வாக்-அவே' கவுன்: 1952-ஆம் ஆண்டுப் பேட்டர்னில் இன்றைய உடை

அமெரிக்காவின் பட்டரிக் நிறுவனம் 1952-இல் 6015 என்ற எண்ணில் வெளியிட்ட 'வாக்-அவே' கவுன், வீட்டில் தைப்பவர்களுக்கென்று அச்சான பேட்டர்ன்களில் (துணியை வெட்டுவதற்கான தாள் வடிவங்களில்) மிகவும் புகழ்பெற்ற ஒன்று. காலைச் சிற்றுண்டி முடித்துத் தைக்க உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அதையே உடுத்திக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று அப்போது விளம்பரம் செய்தார்கள். கவுனுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். வந்த கேட்புகளை முடித்துக் கொடுப்பதற்காக மற்றப் பேட்டர்ன்கள் அச்சிடுவதையே சில காலம் நிறுத்திவைத்தார்கள் என்று ஒரு கதையும் வழங்குகிறது. அதே கவுனைப் பிற்காலத்தில் பி4790 என்ற எண்ணிட்டு, இக்காலத்து அளவுகளுக்கு மாற்றி, 'ரெட்ரோ' வரிசையில் மறுபதிப்புச் செய்தார்கள். இந்த மதிப்புரை அந்த மறுபதிப்பைப் பற்றியது. ஐம்பதுகளின் நாயகியைப் போல வேடமிட விரும்புகிறவர்கள் உறையில் உள்ளபடியே தைத்துக்கொள்ளலாம். அலுவலகத்துக்கும் கடைகண்ணிக்கும் போட்டுக்கொண்டு போகிற உடையாக இதை ஆக்க முடியுமா என்பதைத்தான் நான் பார்த்தேன். முடியும். ஆனால் பேட்டர்னை அச்சடித்தபடியே வெட்டினால் முடியாது.

முதலில் இதன் அமைப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் அழகு, தொல்லை இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. முன்பாகம் ஒட்டிய மேல்பகுதியும் ஒடுங்கிய நேர்ப்பாவாடையும் கொண்டது. பின்பாகத்திலோ ஏறத்தாழ முழுவட்டமாக விரியும் பாவாடை தொங்குகிறது. இந்த இரண்டும் தோளில் மட்டுமே சேர்கின்றன, பக்கத் தையல் என்பதே கிடையாது. தலைவழியாக மாட்டிக்கொண்டு, முன்பாகத்தின் இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் பூட்ட வேண்டும். அதன்பின் பின்பாகத்தின் முனைகளை முன்னால் சுற்றிக் கொண்டுவந்து பட்டன் போட வேண்டும். வட்டப் பாவாடையின் இரு ஓரங்களும் முன்னால் விலகும் இடத்தில் உள்ளேயிருக்கும் நேர்ப்பாவாடை தெரியும். அதனால் முன்பாகத்தை ஒரு நிறத்திலும் பின்பாகத்தை வேறொரு நிறத்திலும் வெட்டினால் இந்த உடையின் கட்டுமானம் பார்த்தவுடனே விளங்கிவிடும். ஜிப் வேண்டாம், கை வைக்கும் வேலை இல்லை, காலர் இல்லை. சேலை ரவிக்கையில் டார்ட் (உடம்பு வளைவுக்கேற்பத் தைக்கும் மடிப்பு) பிடித்துப் பழகியவர்களுக்கு இதன் மேல்பகுதி ஒரு வேலையே அல்ல.

அப்படியானால் அரைநாளில் முடிந்துவிடுமா என்றால், விளம்பரம் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத் தையல் இல்லாத உடையில் வெளியே தெரியும் விளிம்புகளே மிகுதி. கழுத்து, இரண்டு கைக்குழிகள், முன்பாகத்தின் இரு ஓரங்கள், பின்பாகத்தின் இரு ஓரங்கள், அடிவிளிம்பு என்று அனைத்துக்கும் கிராஸ் பட்டி (துணியைச் சாய்வாக வெட்டிய நாடா) வைத்துப் பைப்பிங் போல மூட வேண்டும். இடுப்பு 70 செ.மீ., பாவாடை நீளம் 75 செ.மீ. என்று கொண்டால் முழுவட்டத்தின் அடிவிளிம்பு மட்டுமே ஏறக்குறைய 5.4 மீட்டர் வரும். கடையில் விற்கும் ஆயத்தப் பட்டி போதும் என்றாலும், அதில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் கலந்து விறைப்பாக இருப்பதால், மெல்லிய பருத்தியில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. உடைத்துணியிலோ அதற்கு ஒத்த கேம்ப்ரிக் பருத்தியிலோ 45 டிகிரி சாய்வில் நாமே வெட்டிக்கொள்வது நல்லது.

கைக்குழியின் அடிவளைவில் கவனம் வேண்டும். அந்த உள்வளைவில் பட்டியைச் சற்று இழுத்துப் பிடித்துத் தைத்தால்தான் அது உடம்போடு ஒட்டிப் படுக்கும். இழுக்காமல் தைத்தால் வெளிப்புறம் மடிந்து, உள்ளாடை தெரியும்படி வாய் திறந்துகொள்ளும். பாவாடையின் வெளிவளைவில் இதற்கு நேர்மாறாக, பட்டியை இழுக்காமல் தளர்வாக ஊட்டிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் ஓரம் சுருங்கிக் கிண்ணம்போல் உள்நோக்கிக் குவிந்துவிடும். அயர்ன் பாக்ஸைப் பக்கத்திலேயே சூடாக வைத்துக்கொண்டு, பட்டியைத் தைப்பதற்கு முன்பே அந்தந்த வளைவுக்கு ஏற்ப நீராவியில் வளைத்துக்கொள்வது பாதி வேலையைக் குறைக்கும்.

இந்தப் பேட்டர்னைத் தைத்தவர்கள் பரவலாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: உடுத்திக் கொஞ்ச நேரத்தில் முன்கழுத்து மேலேறித் தொண்டையை அழுத்துகிறது, தோள் தையல் பின்னோக்கி நகர்கிறது. காரணம் எளிது. முன்னால் இலேசான ஒடுங்கிய துணி, பின்னால் மீட்டர் கணக்கில் துணி. இரண்டையும் தாங்குவது தோள் மட்டுமே. ஒரு தட்டில் மட்டும் எடைக்கல் வைத்த தராசு எப்படிச் சாயுமோ அப்படித்தான் இதுவும் பின்பக்கம் இழுக்கும். உறையில் உள்ள ஓவியத்தில் இந்த எடை தெரியாது, கனமான துணியில் தைத்தால் உடனே தெரியும். இது வெட்டிலோ தையலிலோ வந்த பிழை அன்று, வடிவத்துடனே பிறந்தது; எனவே தோளைப் பிடித்தும் கழுத்தை இறக்கியும் இதைச் சரிசெய்துவிட முடியாது. எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்ற வேண்டும்.

அதற்கு நான் இரண்டு மாற்றங்களைப் பரிந்துரைப்பேன். பின்பாகத்தின் இடுப்புத் தையலில், உட்புறமாக, நீளாத நாடா ஒன்றை வைத்துத் தைத்து, அதன் இரு முனைகளையும் முன்னிடுப்பில் தனிக் கொக்கியால் பூட்டிக்கொள்வது முதலாவது. பாவாடை அப்போது நாடாவில் தொங்கும், மேல்பகுதி அதனதன் இடத்தில் நிற்கும். மேலைநாட்டுத் தையற்கூடங்களில் கனத்த மாலைநேர உடைகளுக்குச் செய்யும் பழைய முறைதான் இது. இந்த எளிய கவுனுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது, முழுவட்டத்தை அரைவட்டமாகக் குறைப்பது. நீளத்தை முழங்கால் அளவுக்கு, அதாவது 60 செ.மீ. என்று வைத்து, அதே 70 செ.மீ. இடுப்புக்குக் கணக்கிட்டால், முழுவட்டத்தின் அடிவிளிம்பு 4.5 மீட்டர், அரைவட்டத்தின் அடிவிளிம்பு 2.6 மீட்டர். துணியின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, எடையும் அந்த விகிதத்திலேயே இறங்கும். சுற்றுடைக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அகலத்தை இதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும் என்றாலும் விகிதம் பெரிதாக மாறாது. உள்ளே வலைத்துணிப் பெட்டிகோட் போட்டு விரிக்கத்தான் அன்று முழுவட்டம் தேவைப்பட்டது. இன்று பெட்டிகோட் இல்லாமல் அணிகிறோம், எனவே அந்த விரிவு வெறுமனே தொங்கும் துணியாகிவிடுகிறது. அரைவட்டத்தில் தைத்தபோதுதான் இந்த உடை பழம்பொருள் என்ற தோற்றத்தை இழந்து, எந்தத் தெருவிலும் கண்ணை உறுத்தாத ராப் டிரஸ் (சுற்றிக் கட்டும் உடை) ஆனது. பை வைக்கக்கூட அதில் இடம் கிடைக்கிறது. பக்கத் தையல் இல்லாததால் உள்பை வைக்க முடியாது, ஆனால் சுற்றி வரும் பின்பாகத்தின் மேல் ஒட்டுப்பை தைக்கலாம்; பட்டியின் நிறத்திலேயே தைத்தால் அது வேண்டுமென்றே வைத்தது போலிருக்கும்.

துணியைப் பொறுத்தவரை, கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி பலருக்கும் முதலில் தோன்றும். வட்டமாக வெட்டும்போது நடுவில் நேராக நிற்கும் கட்டம் பக்கங்களுக்குப் போகப் போகச் சாய்ந்து வைரவடிவமாகிவிடும் என்பதை வாங்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும். சிறு கட்டத்தில் அது அழகு, பெரிய கட்டத்தில் குழப்பம். பார்டர் உள்ள துணி வட்டத்துக்கு ஆகவே ஆகாது. கைத்தறியைக் கஞ்சி போக நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். பாவாடையைத் தைத்து முடித்தபின் ஓர் இரவாவது தொங்கவிட்டு, கிராஸில் இறங்கும் பகுதிகள் இறங்கிய பிறகு அடியை மட்டப்படுத்தி, அதன் பின்னரே பட்டி வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் திட்டம் இத்துடன் முடிவுக்கு வந்துவிடுகிறது.

நம் ஊர்த் தையலில் பக்கங்களில் துணி விட்டுத் தைப்பது வழக்கம், பிற்பாடு பிரித்துவிடலாம் என்பதற்காக. இந்த உடையில் பிரிக்கப் பக்கமே இல்லை, ஆனால் பட்டனையும் கொக்கியையும் நகர்த்தினாலே இடுப்பு கூடவும் குறையவும் செய்யும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு உடம்பு ஏறி இறங்கும் காலத்தில் இதைவிட வசதியான கவுனைக் காண்பது அரிது. குறைபாடு வேறு பக்கம் இருக்கிறது: காற்றடித்தால் சுற்று விலகும். இருசக்கர வண்டியில் போகிறவர்கள் வட்டத்தின் ஓரத்துக்கு உள்ளே, தொடை உயரத்தில், பிரஸ் பட்டன் ஒன்று வைத்துக்கொள்வது அவசியம்.

அளவு தேர்வில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் ஊரைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-இல் காகிதப் பேட்டர்ன் விற்கத் தொடங்கியதன் சிறப்பே, ஒரே வடிவத்தை அளவு வாரியாகத் தந்ததுதான். ஆனால் அந்த அளவு எண்கள் ஆயத்த உடைக் கடையின் எண்களோடு ஒத்துப்போவதில்லை. இப்போதைய பேட்டர்னில் 14 என்றால் மார்பு 36 அங்குலம், இடுப்பு 28 அங்குலம். கடையில் 10 வாங்குகிறவர் இங்கேயும் 10 வெட்டினால் மூச்சுவிட முடியாது. அதே சமயம் அசைவுக்காகப் பேட்டர்னில் கூட்டியிருக்கும் தளர்வு தாராளமானது. ஒட்டிய ரவிக்கைக்குப் பழகியவர்களுக்கு மேல்பகுதி தொளதொளவென்று தோன்றலாம். உடை தைத்து முடிந்தபின் வரும் அளவைப் பேட்டர்னின் டிஷ்யூ தாளிலேயே அச்சிட்டிருந்தால் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. காடாத்துணியில் மேல்பகுதியை மட்டும் ஒருமுறை தைத்துப் பார்த்துவிட வேண்டும். தாளை வெட்டாமல், வேண்டிய அளவை மட்டும் வேறு தாளில் படியெடுத்துக்கொண்டால் மற்ற அளவுகளும் பிறகு உதவும்.

மறுபதிப்பை விட்டு 1952-ஆம் ஆண்டின் அசலையே பழம்பொருள் விற்பனையில் தேடி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அசலில் ஓர் உறைக்கு ஓர் அளவுதான் இருக்கும். 1952-இன் 14 என்பது 32 அங்குல மார்பு, 18 என்பதுதான் 36. ஐம்பதுகளின் நடுவிலும் 1960-களின் பிற்பகுதியிலும் எண்கள் மாற்றப்பட்டபோது இந்த இடைவெளி உண்டானது. ஆகவே உறையில் உள்ள அளவு எண்ணைப் பார்க்காமல் மார்பளவைக் கேட்டு வாங்குங்கள், துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.