பெரிய ஆபரேஷனுக்குப் பின் எங்கே தங்குவது: ஆஸ்பத்திரி, வாடகை அறை, உறவினர் வீடு, சொந்த ஊர்

தாளவாடி, வால்பாறை, தாராபுரம், கோபி என்று பல ஊர்களிலிருந்தும் பெரிய ஆபரேஷனுக்குக் கோவைக்கு வருகிறவர்கள் டாக்டரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிடுகிறார்கள். ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்கிறார்கள், காப்பீட்டு அட்டையைத் தேடி எடுக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனபின் எங்கே படுப்பது என்பதை மட்டும் டிஸ்சார்ஜ் அன்றுதான் யோசிக்கிறார்கள். அதற்குள் பில் கட்டும் அவசரம், வாசலில் கார் நிற்கிறது. அந்த அவசரத்தில் எடுக்கிற முடிவு சில நேரம் ஆளை மறுபடி வார்டுக்கே கொண்டுவந்து விடுகிறது.

காரணம் இதுதான். குடலை வெட்டித் தைத்த ஆபரேஷனில் தையல் கசிந்தால், பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தெரியவரும். வெட்டுக்காயத்தில் சீழ் வைப்பதும் பல பேருக்கு வீட்டுக்குப் போனபின்தான். காலில் ரத்தக்கட்டு வரும் ஆபத்து, மூட்டு மாற்றியவர்களுக்கும் வயிற்றில் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் நாலு வாரம் வரைகூட நீடிக்கும். ஆக, டிஸ்சார்ஜ் என்றால் ஆபத்து தீர்ந்தது என்று பொருளாகாது; இனி நர்ஸ் பார்த்ததை வீட்டார் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள்.

ஆஸ்பத்திரியிலேயே கூடுதல் நாள்

"இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருந்துக்கறமுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சலோ, காயத்தில் வைத்த குழாயில் நிற்காத வடிதலோ இருந்தால் டாக்டரே வைத்துக்கொள்வார். ஒன்றும் இல்லாமல் பயத்துக்காக மட்டும் தங்குவது நல்லதல்ல: ஆஸ்பத்திரிக் கிருமிகள் மருந்துக்கு எளிதில் மசியாதவை, படுக்கையிலேயே கிடந்தால் நடையும் குறையும். முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்றாலும், அது சிகிச்சைக்கான தொகை. பயத்துக்காகத் தங்கும் நாளுக்கும் வெளியே எடுக்கும் அறைக்கும் அதை நம்ப முடியாது.

ஆஸ்பத்திரி அருகே வாடகை அறை

அவிநாசி ரோடு, பீளமேடு, மேட்டுப்பாளையம் ரோடு பக்கமெல்லாம் நோயாளிகளுக்கென்றே நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் அறை கிடைக்கும். போனிலேயே பேசி முடிக்க வேண்டாம். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால், செக்கப்புக்கு வரும் நாளில், கையில் டேப்போடு நேரில் போய்ப் பாருங்கள்.

நோயாளியைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கட்டிலும் கழிவறை இருக்கையும் அந்த அளவைவிட இரண்டு அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும். கட்டிலை மெத்தையோடு, அதுவும் ஒரு ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கியபின் அளக்க வேண்டும். பழைய பஞ்சு மெத்தை மூன்று அங்குலம் உள்ளே போய்விடும். மூட்டு மாற்றியவர் அதிலிருந்து எழும்போது படும் பாடு சொல்லி மாளாது. அடுத்து பாத்ரூம் கதவு. பல அறைகளில் 24 அங்குலத்துக்கு மேல் இருக்காது. வாக்கரை வாங்குமுன் அதன் அகலத்தை அளந்து, கதவுக்குள் நேராக நுழையுமா என்று பாருங்கள். பக்கவாட்டில் திருப்பி நுழைக்கும்போதுதான் ஆள் விழுகிறார்.

தரைத்தளம் அல்லது லிஃப்ட் கட்டாயம். சமைக்க இடம் உள்ள அறைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். மெஸ் சாப்பாட்டில் உப்பும் எண்ணெயும் நம் கையில் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், சீரகம் போட்டு அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைய வைத்துவிட்டால் ஒரு வேளை முடிந்தது. புண் ஆறப் புரதம் வேண்டும் என்பதால் கூடவே இரண்டு முட்டை, சைவமென்றால் வேகவைத்த பாசிப்பயறும் தயிரும்.

உறவினர் வீடு

"ஏனுங்க, நம்ம ஊடு இருக்கீல ரூம் எதுக்குங்க?" என்று சொல்ல நமக்குச் சொந்தங்கள் நிறைய. அந்த அன்பு பெரிது. ஆனால் வாடகை அறையை அளந்த டேப்பை இங்கே எடுக்கக் கூச்சப்படுகிறோம், சிக்கல் அங்கேதான். இரண்டாம் மாடி, ஒரே கழிவறை, வீட்டில் சளிக் காய்ச்சலோடு குழந்தை என்றால், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் அது பொருந்தாத வீடு. பைபாஸ் ஆனவரைப் பார்க்க நாளுக்குப் பத்துப் பேர் வந்தால் பகல் தூக்கம் கெடும், இருமலும் ஒட்டிக்கொள்ளும். இருமும்போது நெஞ்சு எலும்பு அசைந்து உயிர்போகிற வலி வரும். தலையணையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். தனி அறை, ஒட்டிய கழிவறை, பார்க்க வருகிறவர்களைத் தள்ளிப்போடச் சொல்லும் துணிச்சல் உள்ள ஒரு அத்தையோ அண்ணியோ, இந்த மூன்றும் இருந்தால் இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

நேரே சொந்த ஊர்

பொள்ளாச்சி, அவிநாசி, திருப்பூர் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரு மணி, ஒன்றரை மணியில் திரும்பி வந்துவிடலாம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. தாளவாடிக்கு 27 வளைவுள்ள திம்பம் மலைப்பாதை, அங்கே இரவில் வாகனக் கட்டுப்பாடும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மூச்சுத் திணறினால் இந்தத் தூரம்தான் எமன். மலையூர்க்காரர்கள் தையல் பிரிக்கும் வரை கீழே தங்குவதே சரி.

சமவெளி ஊர்களில் தொல்லை வேறு மாதிரி. சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கழிவறை வாசலுக்கு அப்பால், அதுவும் குத்தவைத்து உட்காரும் வகை. மூட்டு மாற்றியவர் அதில் உட்காரவே கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிடுங்கள், முடியாதென்றால் நாற்காலி வடிவ கம்மோடு வாங்கிக் கட்டிலருகே போடுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும், வழியில் மிதியடி கிடக்கக் கூடாது. ஊரில் பிசியோதெரபிஸ்ட் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது.

யாருக்கு எது

குடல், வயிற்று ஆபரேஷன்காரர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரமென்றால் வாடகை அறைதான், குறைந்தது பத்து நாள். பைபாஸ்காரர்கள் முதல் மறுபார்வை முடியும் வரை. மூட்டு மாற்றியவர்களுக்கு, மலையூர் இல்லையென்றால், நேரே ஊர் போவது நல்ல வழி, வீட்டைத் தயார் செய்திருந்தால் மட்டும். தையலோ கிளிப்போ பிரிக்க பத்திலிருந்து பதினான்கு நாளில் ஒருமுறை வந்தால் போதும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியே, பித்தப்பை எடுத்தவர்கள் சிக்கல் ஏதுமில்லை என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

பயண நாள்

108 அவசரத்துக்கான வண்டி, வீடு திரும்ப அதை எதிர்பார்க்க வேண்டாம். காரில் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்துப் போடுங்கள். பெல்ட்டுக்கும் காயத்துக்கும் நடுவில் மடித்த துண்டு. வலி மாத்திரையைக் கிளம்ப அரை மணி முன்னால் கொடுங்கள். பாதி வழியில் வலி ஏறினபின் கொடுத்தால் ஊர் வந்துசேரும்போதுதான் வேலை செய்யும். மணிக்கொரு தரம் நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வைக்க வேண்டும். இடையில் கணுக்காலை மேலும் கீழும் இருபது முறை அசைக்கட்டும், கெண்டைக்காலில் ரத்தம் தேங்காது. ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதியிருந்தால், தீரும் வரைக்குமான ஊசிகளைக் கோவையிலேயே வாங்கிவிடுங்கள். சின்ன ஊர் மெடிக்கலில் அன்றைக்கு இல்லையென்றால் ஒரு நாள் விட்டுப்போகும்.

கிளம்புமுன் வார்டு நர்ஸிடம் டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு நாலு கேள்வி கேளுங்கள். பழைய மாத்திரைகளில் எது நின்றது, எது தொடர்கிறது? சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்டு மருந்தை எப்போது திரும்ப ஆரம்பிக்கலாம்? காயத்தில் எந்த நாளிலிருந்து தண்ணீர் படலாம்? இரவில் கூப்பிட எந்த எண்? அந்த எண்ணை அங்கேயே நின்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினாலோ, காயத்தில் சீழோ நாற்றமோ வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, வயிறு உப்பி வாந்தி நிற்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் எண்ணைத் தேடவே வேண்டாம், 108ஐக் கூப்பிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு.