மாடிப்படிகூட ஏறாமல் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போன ஆள்: கடற்கரை ஊர் அபார்ட்மென்ட்காரர்கள் கவனத்துக்கு

கீழக்கரைப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களும், சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருந்துகொண்டு ஊரில் ஃபிளாட் வாங்கப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களும் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் 1,60,000 ரூபாய் போய்விட்டது. அதைவிட எனக்குப் பதறுவது, 'சான்றிதழ் வந்துவிட்டது' என்று எட்டு மாதம் 22 குடும்பமும் நிம்மதியாகத் தூங்கியதுதான். அந்த எட்டு மாதத்தில் எந்த வீட்டிலாவது தீப்பிடித்திருந்தால் அணைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் வந்திருக்காது. சங்கச் செயலாளராகக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் நானே எழுதுகிறேன்.

2021 செப்டம்பரில் சாவி வாங்கினோம். கட்டட நிறைவுச் சான்றிதழ், அதாவது எல்லோரும் சிசி என்று சொல்வது, "ரெண்டு மாசத்துல வந்துடும்" என்றார் பில்டர். வரவில்லை. அது இல்லாமல் இந்த அளவுக் கட்டடத்துக்கு நிரந்தர மின் இணைப்பு தர மாட்டார்கள். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே, அந்தக் கூடுதல் கட்டணத்திலேயே குடும்பம் நடத்தினோம். பில்டர் போனை எடுப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

இந்த நிலைமையில்தான் அந்த ஆள் வந்தார். இரண்டாம் மாடி வீட்டுக்காரருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சொல்லும் ஸ்திரத்தன்மைச் சான்று, தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று, லிஃப்ட் உரிமம், கடைசியாக சிசி, எல்லாம் சேர்த்து 3,20,000, பாதி முன்பணம் என்றார். பில்டரிடம் அலைந்து சலித்துப்போன எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டே தடவைதான் வந்தார். இரண்டு தடவையும் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார், போனில் நாலு படம் எடுத்தார், போய்விட்டார். மொட்டை மாடிச் சாவி என் பாக்கெட்டில்தான் இருந்தது, அவர் கேட்கவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் முத்திரையோடு மூன்று தாள் வந்தது, லேமினேட் செய்து நோட்டீஸ் போர்டில் மாட்டினோம். 'சிசி ரெடி, மீதிப் பணத்தைப் போடுங்கள்' என்று அடிக்கடி மெசேஜ் வரும். வசூல் முடியாததால் தள்ளிப்போட்டோம், மீதி 1,60,000 தப்பியது அதனால்தான்.

விஷயம் வெளியே வந்தது வேறு வழியில். மூன்றாம் மாடிக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) தன் வீட்டை விற்க ஏற்பாடு செய்தார், வாங்குபவருக்கு வங்கிக் கடன், வங்கி அனுப்பிய இன்ஜினியர் வந்தார். ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தவர் முதலில் கேட்டது, "பிளான்ல அஞ்சு மாடிதானே இருக்கு, நீங்க ஆறு கட்டியிருக்கீங்களே?" என்றுதான். கார் நிறுத்தத்துக்கு மேல் ஐந்து மாடி, தளத்துக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 18 மீட்டர். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். சுற்றிலும் விட வேண்டிய இடம், முன்னால் இருக்க வேண்டிய ரோட்டு அகலம், அனுமதி வாங்கும் வழி எல்லாமே மாறிவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே பிளான் வாங்கிவிட்டு, மேலே இன்னொரு தளம் போட்டு இரண்டு வீட்டை விற்றிருக்கிறார் பில்டர். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் போய்ப் பார்த்தால் பதிவில் 20 வீடு, குடியிருப்பது 22. எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ போகும் திட்டங்களை ரெராவில் பதிய வேண்டும், யார் வேண்டுமானாலும் அந்த விவரத்தைப் பார்க்கலாம். வாங்கும்போது எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த இன்ஜினியர் மாடிப்படி ஓரமாகப் போகும் சிவப்புக் குழாயின் வால்வைத் திருகினார். தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. விரலை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார், நுனியில் காய்ந்த சிமென்ட் தூள். மொட்டை மாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு அடி முன்னாலேயே அந்தக் குழாய் நின்றுபோயிருந்தது, அதன் வாயில் சிமென்ட் மூட்டைக் கிழிசலைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். கீழே நோட்டீஸ் போர்டில் தொங்கிய தாளிலோ 'தீயணைப்பு அமைப்பு இயக்கி சோதிக்கப்பட்டது' என்று இருந்தது. மறுநாள் அந்தத் தாளைத் தீயணைப்பு அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அந்த எண்ணில் இப்படி ஒரு சான்று கொடுக்கப்படவே இல்லை என்றார்கள். லிஃப்ட் உரிமம் கொடுப்பது மின் ஆய்வுத் துறை. அங்கேயும் எங்கள் லிஃப்டுக்குப் பதிவே இல்லை. தினமும் அந்த லிஃப்டில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள்.

ஸ்திரத்தன்மைச் சான்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரையில் அதுதான் உயிர். அதே கார் நிறுத்தத்தில், அந்த ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்துத் தூணில், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. மழைக் கறை என்றுதான் நினைத்திருந்தோம். வங்கி இன்ஜினியர் நகத்தால் நெம்பியதும் பூச்சு அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது, உள்ளே கம்பி ஊதி, ஏடு ஏடாக உரிந்து கிடந்தது. இந்த உப்புக்காற்று என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். துருப்பிடிப்பதை ஆராய பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஆய்வு மையமே வைத்திருக்கிறார்கள்.

இப்போது முறையாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பிடித்திருக்கிறோம். அவர் வந்ததும் முதலில் கேட்டது கட்டுமான வரைபடம், இரண்டாவது மொட்டை மாடிச் சாவி. சுத்தியல் சோதனை செய்தார், மீட்டர் வைத்துக் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தார், இரண்டு தூணில் உருளையாகத் துளைத்து மாதிரி எடுத்தார், அதற்கே முழுநாள் ஆனது. கடற்கரைக் காற்று நேராக அடிக்கும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடல் வேண்டும், கான்கிரீட் எம்30 தரமாவது இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. எங்கள் தூண்களில் மூடல் 20, 25 தான் இருக்கிறது. கலவைக்கு உப்பான போர்வெல் தண்ணீரை ஊற்றியிருப்பார்களோ என்ற சந்தேகமும் அவருக்கு இருக்கிறது, ஆய்வக முடிவு வர வேண்டும்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம், ரெராவுக்கும் தயார் செய்கிறோம். சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து சொன்னால் பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பது ரெரா சட்டம் 14-ஆம் பிரிவு. எங்களுக்கு அந்தக் கெடு முடிய ஏழு மாதம்தான் மிச்சம். உங்கள் கட்டடமும் 2021, 2022-இல் சாவி வாங்கியது என்றால் இன்றைக்கே கீழே போய்த் தூணைப் பாருங்கள், சிவப்புக் குழாய் வால்வைத் திருகிப் பாருங்கள். நோட்டீஸ் போர்டில் தாள் தொங்கினால் அதன் எண்ணை அந்தந்த அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். பாதி முன்பணம் கேட்டு, "எல்லா ஆபீசும் நான் பாத்துக்கறேன், நீங்க வரவே வேணாம்" என்று ஒருவர் பேசினால் உள்ளே விடாதீர்கள். எங்களிடம் வந்தவர் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

குழாயைப் போன வாரம் தொட்டியோடு இணைத்துவிட்டோம். ஆறாம் மாடிக்குத்தான் வழி தெரியவில்லை. 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தார்கள், பக்கத்தில் நின்ற கட்டடத்தை 2016-இல் வெடி வைத்து இறக்கினார்கள். அந்த வீடியோவை யாரோ எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஆறாம் மாடியில் இருக்கும் லாத்தா (அக்கா), மகன் துபாயில் சம்பாதித்த மொத்தத்தையும் அந்த வீட்டில் போட்டவர், நேற்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, எங்க வீட்ட இடிச்சிருவாங்களா?" என்றார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. வக்கீலைப் பார்க்க வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் போகிறோம், லாத்தாவும் வருகிறார்.